உள்ளிருந்து தள்ளும் அன்பு

(வானொலி மறையுரை)



எங்கள் பங்கு இல்லத்தில் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருக்கிறது. 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலை தயாரிப்பை நிறுத்திய பிறகும் நாங்கள் அதை விடவில்லை. சென்ற மாதம் கிளட்சை முழுவதும் மிதித்தாலும் கியர் விழாமல் கரகரவென்று சத்தமிட்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கும் மெக்கானிக்கிடம் விட்டேன்.

அவர் கியர்பாக்ஸை இறக்கி எனக்குக் காட்டினார். கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு குழி. அதற்குள் சிறிய வெண்கல புஷ் ஒன்று. கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனி அதற்குள்தான் சுழல வேண்டும். தொழிற்சாலையில் இறுக்கிப் பொருத்திய அந்த புஷ் தேய்ந்து, ஷாஃப்டைக் கவ்விக்கொண்டிருந்தது. வெளியே இழுக்கலாம் என்றால் பிடிப்பதற்கு விளிம்பே இல்லை.

உதவிக்கு நின்ற பையன் உளியை எடுத்தான். பெரியவர் தடுத்தார். “புஷ் போனா புதுப்பேட்டையில வாங்கிக்கலாம். கிராங்க் கீறிடுச்சுன்னா இன்ஜினையே பிரிக்கணும் ஃபாதர்” என்றார்.

பிறகு அந்தக் குழி நிறையக் கிரீஸை அடைத்தார். துவாரத்துக்குச் சரியாகப் பொருந்தும் பழைய கியர் ஷாஃப்ட் ஒன்றைச் செருகிச் சுத்தியலால் தட்டினார். கிரீஸ் வெளியேற வழியில்லை. அது புஷ்ஷின் பின்பக்கம் போய் அழுத்தியது. மீண்டும் கிரீஸ், மீண்டும் தட்டல். இம்மி இம்மியாக நகர்ந்த புஷ், கடைசியில் தானாகவே வெளியே வந்தது. அடைபட்ட திரவத்தின் மேல் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் கண்டறிந்த விதிதான் இது.

அன்பார்ந்தவர்களே, அங்கே நின்றபோது என் தவறு எனக்கு உறைத்தது. நம் பங்கில் ஒருவர், பாகப்பிரிவினைத் தகராறில் தம் அண்ணனோடு 11 ஆண்டுகளாகப் பேசவில்லை. அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். சென்ற தவக்காலத்தில் கோவில் வாசலில், நாலு பேர் முன்னிலையில், “மன்னிக்காமல் நற்கருணை வாங்குகிறீர்களே” என்று அவரைக் கேட்டுவிட்டேன். அன்றோடு அவர் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சொன்னது மறைக்கல்விதான். ஆனால் நான் எடுத்தது உளி.

எரிகோவில் ஆண்டவர் சக்கேயுவிடம் என்ன செய்தார்? லூக்கா 19-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஏமாற்றிச் சேர்த்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘உன் வீட்டுக்கு வருகிறேன்’ என்றார், அவ்வளவுதான். திருப்பித் தருகிறேன் என்று எழுந்து சொன்னவர் சக்கேயு. அன்பு உள்ளே நிறைந்தது; பேராசை வெளியே வந்தது.

நானும் அந்த நண்பர் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அண்ணனைப் பற்றிப் பேசவில்லை. காபி குடித்தேன், அவருடைய முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டேன். நான்கு முறை அப்படிப் போனேன். ஐந்தாம் முறை அவரே தொடங்கினார்: “அம்மா நினைவுத் திருப்பலிக்கு அண்ணன் வருவாரா ஃபாதர்?”

அண்ணனும் வந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தம்பி பெஞ்சில் சற்றே நகர்ந்து இடம் விட்டார். இம்மியளவுதான். ஆனால் நகர்ந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இறுகிப்போன ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவே கூட இருக்கலாம். இந்த வாரம் உளியைக் கீழே வைப்போம். குறை சொல்லாமல் ஒரு முறை போய்ப் பார்ப்போம். அடுத்த வாரம் மறுபடியும் போவோம்.

இரக்கமுள்ள ஆண்டவரே, எங்கள் இதயங்களை உமது அன்பால் நிரப்பும். எங்களுக்குள் இறுகிக் கிடப்பதை நீரே வெளியேற்றும். ஆமென்.