ஆற்றங்கரையில் ஒரு கணவர்

இருபத்தாறு நாவல்களை இயற்றி, 1978-இல் புக்கர் பரிசும் பெற்ற ஆங்கில எழுத்தாளர் ஐரிஸ் மர்டாக், சொற்கள் பிடிபடாமல் தவித்ததற்கு அல்ஸைமர் வியாதியே காரணம் என்று 1997-இல் நிச்சயமானபோது, அவருடைய கணவர் ஜான் பேய்லி எழுபதைக் கடந்தவர். ஆக்ஸ்போர்டில் இலக்கியப் பேராசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர்.

இவ்வியாதி மூளையில் புதிய ஞாபகங்களைப் பதிக்கும் பகுதியையே பெரும்பாலும் முதலில் தாக்குவதால், சற்றுமுன் கேட்ட விடை மனத்தில் தங்குவதில்லை. ஆகவே கேள்வி திரும்பத் திரும்ப வரும். ஒரு காலத்தில் ஆக்ஸ்போர்டில் தத்துவம் போதித்த மனைவியின் அருகிலமர்ந்து, மழலையருக்கான 'டெலிடபீஸ்' தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பதும், ஒரே வினாவுக்குப் பொழுதெல்லாம் பதிலளிப்பதுமே பேய்லியின் நித்திய கர்மமாயிற்று. சில வேளைகளில் பொறுமையிழந்து சினந்து கத்தியதையும், 1998-இல் வெளியிட்ட நினைவு நூலில் அவர் ஒளிக்காமல் எழுதினார். பதிவிரதாபக்திக்குக் கதைகள் நிரம்பிய நம் நாட்டில், இப்படிப்பட்ட கணவர்களின் கதை அவ்வளவாகக் கிடைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிரேமை அரும்பிய நாட்களிலிருந்தே ஆற்றில் நீந்துவதில் இருவருக்கும் பெருவிருப்பம். வியாதி முற்றிவந்த ஒரு கோடையிலும் அவர்கள் அதே ஆற்றுக்குச் சென்றார்கள். கரையில் நின்ற மனைவியின் ஆடைகளை, குழந்தைக்குச் செய்வதுபோல், நயந்து பேசி அவர்தாம் களைய வேண்டியிருந்தது.