வாசலில் குத்தும் முத்திரை

(கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"ஆரோக்கியம் பற்றி ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. 1970-இல் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை கோப்பு பார்த்தவன். அதனால் வைத்தியம் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும், அதற்குக் காரணம் தேடப்போய் நான் படித்துத் தெரிந்துகொண்ட ஓர் ஆராய்ச்சியையும் சொல்கிறேன்.

என் மனைவிக்கு நெடுநாளாக ருமடாய்டு ஆர்த்ரைடிஸ். விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் காபி ஃபில்டரைத் திருகித் திறக்க முடியாத நிலை. மற்ற மருந்துகள் போதாமல், 2020 தொடக்கத்தில் டாக்டர் டோஃபாசிடினிப் என்ற மாத்திரைக்கு மாற்றினார். அதற்கு முன்னால், உடம்பில் காசநோய்க் கிருமி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை. ரசீது என்றால் வரிவரியாகப் படிப்பது என் பழைய வியாதி. அதில் 'இன்டர்ஃபெரான் காமா' என்று எழுதியிருந்தது. காசநோய்க் கிருமியை முன்பே சந்தித்த வெள்ளை அணுக்கள், அதன் புரதத்தை மறுபடி கண்டால் இன்டர்ஃபெரானைச் சுரக்குமாம். அதை அளப்பதுதான் அந்தப் பரிசோதனை. நல்லவேளை, ஒன்றும் இல்லை.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. சில வாரங்களில் ஃபில்டரைத் தானே திறந்தாள். ஆனால் 2022-இல் ஒரு நாள் இடுப்பின் இடது பக்கம் எரிச்சல், மறுநாள் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அக்கி. மாயவரத்திலிருந்து என் மன்னி ஃபோனில், "குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கச் சொல்லு" என்றாள். இந்த ஊரில் அக்கி எழுதும் குயவருக்கு எங்கே போவது? டாக்டர் வைரஸுக்கு மருந்து கொடுத்துவிட்டு, கொப்புளம் காய்கிற வரை மூட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "அந்த மாத்திரை இன்டர்ஃபெரானின் குரலைக் கொஞ்சம் அமுக்கிவிடும் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். மறுபடியும் அதே வார்த்தை! வீட்டுக்கு வந்ததும், பயோடெக்னாலஜி படிக்கும் பேத்தியின் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

இன்டர்ஃபெரானுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் இருவர். லண்டன் மில் ஹில்லில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில், 1957-இல். சூட்டால் செயலிழந்த இன்ஃப்ளூயன்ஸா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வோடு சேர்த்து வைத்தார்கள். அந்தச் சவ்வு ஏதோ ஒரு பொருளைத் திரவத்தில் விட்டது. அந்தத் திரவத்தைப் புதிய சவ்வில் விட்டால், உயிருள்ள வைரஸ்கூட அங்கே பெருக முடியவில்லை. ஜப்பானில் நகானோவும் கோஜிமாவும் 1954-லேயே இதுபோன்ற ஒன்றைக் கண்டு பிரெஞ்சுப் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். அதிகம் பேர் கவனிக்கவில்லை.

ஆக, வைரஸ் புகுந்த செல் பக்கத்துச் செல்களுக்கு அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம்தான் இன்டர்ஃபெரான். ஆனால் கடிதம் செல்லின் வெளிச்சுவரோடு நின்றுவிடுகிறது, உள்ளே போவதில்லை. ஜீன்களோ நடுவில், உட்கருவுக்குள் பூட்டியிருக்கின்றன. அப்படியிருக்க, தூங்கிக்கொண்டிருந்த ஜீன்கள் சில நிமிஷங்களில் எப்படி விழித்துக்கொள்கின்றன? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டார்னெல். 1930-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். பேத்தியின் மூலக்கூறு செல் உயிரியல் பாடப்புத்தகம் இருக்கிறதே, அதன் 1986-ஆம் வருஷத்து முதல் பதிப்பை எழுதிய மூவரில் அவரும் ஒருவர். மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் இதில் இறங்கவில்லை. ஒரு ஜீன் எப்படி 'ஆன்' ஆகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஆபீசுக்கு வெளியிலிருந்து ஒரு கடிதம் வந்தால் என்ன நடக்கும்? தபால் பிரிவில் டைரி நம்பர், பிறகு உதவியாளர், செக்‌ஷன் ஆபீசர், அண்டர் செக்ரட்டரி என்று மேலே போகும். செல்லுக்குள்ளும் பல செய்திகள் அப்படிக் கைமாறித்தான் போகின்றன. இன்டர்ஃபெரான் விஷயத்தில் டார்னெலும் அவருடைய மாணவர்களும் கண்டது வேறு. உட்கருவில் ஜீனைத் தொட்டு எழுப்பும் புரதம், அதற்கு முன் செல்லின் வெளிப்பகுதியில் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. கடிதம் வாசலைத் தட்டியதும் அதன் மேல் ஒரு முத்திரை விழுகிறது. டைரோசின் என்ற இடத்தில் ஒரு பாஸ்பேட், அதுதான் முத்திரை. முத்திரை விழுந்த இரண்டு புரதங்கள் கைகோத்து, மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, நேரே உட்கருவுக்குள் போய் உரிய ஜீன்களை எழுப்புகின்றன. வாசலில் உட்கார்ந்திருந்த பியூனே சீல் வாங்கிக்கொண்டு செக்ரட்டரி அறைக்குள் போய் பீரோவைத் திறந்தால் எப்படியிருக்கும்! நடுவில் யாரும் இல்லை. இந்தப் புரதங்களின் ஜீன்களை 1992-இல் பிரித்தெடுத்தார்கள். அவற்றுக்கு 'ஸ்டாட்' என்று பெயர். டாக்டர்கள் சீட்டில் 'ஸ்டாட்' என்று எழுதினால் 'உடனே' என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான்.

முத்திரை குத்துவது யார்? அதற்கு விடை லண்டனிலிருந்து வந்தது. ஜார்ஜ் ஸ்டார்க், இயன் கெர் ஆகியோரின் குழு செய்த உபாயத்தை நான் மிகவும் ரசித்தேன். இன்டர்ஃபெரானுக்குப் பதில் சொல்லும் செல் எதுவோ, அது ஒரு விஷத்துக்குப் பலியாகும்படி ஏற்பாடு செய்தார்கள். பிழைத்தவை எல்லாம் சொல் பேச்சுக் கேளாத செல்கள்! அப்படி ஒரு பிடிவாதச் செல்லுக்கு நல்ல செல்லின் ஜீன்களைக் கொடுத்து, எது அதைத் திருத்துகிறது என்று பார்த்தார்கள். 1992-இல் அகப்பட்டது 'டிக்2' என்ற என்சைமின் ஜீன். அதன் வேலை என்ன என்று அதுவரை யாருக்கும் தெரியாது. 'ஜாக்' என்ற என்சைம் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அந்தக் குடும்பத்தில் மொத்தம் நான்கு. இரண்டு முகம் கொண்ட ரோமானியக் கடவுள் ஜேனஸின் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. "இன்னுமொரு என்சைம்தானே" என்ற ஆங்கிலக் கேலியின் சுருக்கமும் 'ஜாக்' என்றே வருகிறது. டார்னெலுக்கு 2002-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

எங்கள் வீட்டு மாத்திரைக்கு வருகிறேன். டோஃபாசிடினிப், இந்த ஜாக் என்சைமின் கையைப் பிடித்துக்கொள்ளும் மருந்து. மூட்டை வீங்க வைக்கும் செய்திகள் பலவும் இதே முத்திரைக் கவுண்டர் வழியாகத்தான் போகின்றன. கவுண்டரைப் பாதி மூடினால் வீக்கம் குறைகிறது. ஆனால் இன்டர்ஃபெரானின் கடிதமும் அதே கவுண்டருக்குத்தானே வர வேண்டும்? கும்பகோணத்தில் ஏழு வயதில் என் மனைவிக்கு அம்மை போட்டது. அந்த வைரஸ் அறுபது வருஷத்துக்கு மேல் நரம்பின் வேரில் அடங்கிக் கிடந்து, காவல் தளர்ந்ததும் அக்கியாக எழுந்து வந்தது. காசநோய்ப் பரிசோதனை ஏன் முதலில் செய்தார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கோவிட் காலத்தில் இதே விஷயம் பெரிய அளவில் தெரிந்தது. அதே ராக்கஃபெல்லரில் பணிபுரியும் ஜான்-லோரான் கசனோவாவின் குழு 2020-இல் வெளியிட்ட கணக்கு: உயிருக்கு ஆபத்தான நிமோனியா வந்த 987 பேரில் 101 பேரின் ரத்தத்தில், தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள் இருந்தது. லேசாக வந்துபோன 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள், பாதிப்பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். கடிதம் வாசலுக்கு வருமுன்பே கிழிக்கப்பட்டுவிட்டது. அந்த வருஷங்களில் நம் கிளையில் யாரை யாரை இழந்தோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வீட்டில் ஒருவர் தப்பினார், ஒருவர் போனார். விதி என்றோம். சிலருக்காவது காரணம் இதுவாக இருந்திருக்கலாம். இன்னொரு பக்கம், நோய் முற்றி அழற்சி கட்டுக்கு அடங்காமல் போனவர்களுக்கு, ஜாக்கை அடக்கும் பாரிசிடினிப் என்ற மாத்திரையையே கொடுத்தார்கள். 2021-இல் நம் நாட்டிலும் அதற்கு அவசரகால அனுமதி கிடைத்தது. முதலில் அடிக்க வேண்டிய மணி, பிறகு ஓய வேண்டும். எந்த நாளில் எது என்பதுதான் டாக்டர்களுக்குச் சிரமம்.

மாத்திரை மூன்று வாரம் நின்றது. இரண்டாவது வாரமே விரல்கள் வீங்கிவிட்டன. "அக்கியா, மூட்டு வலியா, ரெண்டில் ஒண்ணுன்னா நான் என்ன பண்றது?" என்று மனைவி கேட்டாள். என் பி.எஸ்ஸி.யில் அதற்குப் பதில் இல்லை. கொப்புளம் காய்ந்த பிறகு, இதயத்தையும் பரிசோதித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த மருந்தில் மாரடைப்பு, ரத்தக்கட்டு அபாயத்தைக் கவனிக்கச் சொல்லி 2021-இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்திருக்கிறது. 2023-இல் உயிருள்ள வைரஸ் இல்லாத அக்கித் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்ததும், டாக்டரைக் கேட்டு இரண்டு தவணையும் போட்டுக்கொண்டாள். விலை அதிகம்தான். இந்த வகை மாத்திரையை இனிமேல் ஆரம்பிக்க இருப்பவர்கள், முன்னாலேயே அந்த ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

காபி வந்துவிட்டது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள். டோஸ் பற்றி மட்டும் வேண்டாம்.