ஒரு வருடம் பொறுத்துப் போகலாமா?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், உயர்தரப் பிரிவு மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பாடசாலை தொடங்கியபோது இலங்கையில் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கவில்லை. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி மட்டுமே இருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் வந்தது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. அதற்கு முன்னர் இங்கு படித்த அக்காமாருக்கு, படிப்பை நிறுத்தியது பெரும்பாலும் கட்டணம்தான். எங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் எங்கள் வகுப்பில் ஒருத்தியின் படிப்பு காசால் நின்றது. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

நாங்கள் 1999இல் உயர்தரம் எழுதியவர்கள். ஒரே வாங்கில் இருந்த மூன்று பேருக்கும் அனுமதிக் கடிதம் வந்தது. ஒருத்திக்கு யாழ்ப்பாண மருத்துவபீடம், ஒருத்திக்குப் பேராதனை, ஒருத்திக்குக் கிழக்குப் பல்கலைக்கழகம். அப்போது ஏ9 வீதி பூட்டியிருந்தது. பேராதனைக்கோ வந்தாறுமூலைக்கோ போவதென்றால் முதலில் பாதுகாப்பு அனுமதி எடுக்க வேண்டும். பிறகு கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து பஸ். போகும் செலவே வீட்டை உலுக்கும்.

மூன்று வீடுகளிலும் அந்த மாதம் ஒரே கதைதான். "ஒரு வருசம் பொறுத்துப் போகலாம்தானே பிள்ளை?" எங்கள் வீட்டில் இதைக் கேட்டவர் அம்மம்மா. கேட்டுவிட்டு, அடுத்த நாள் தன் காப்பைக் கழற்றி அடைவு வைக்கக் கொடுத்தவரும் அவர்தான். பேராதனைக்குப் போனவளுக்கு மாமா ஒருவர் சீட்டெடுத்துக் கொடுத்தார். மூன்றாமவளுக்கு அப்பா இல்லை, தம்பி பத்தாம் வகுப்பு, அம்மா தையல். அவள் ஒரு கடையில் கணக்கெழுதச் சேர்ந்தாள். ஒரு வருடம் உழைத்துவிட்டுப் போவேன் என்றாள். நாங்களும் நல்ல முடிவென்று தலையாட்டினோம்.

அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை: குறித்த திகதிக்குள் பதிவு செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும். அடுத்த வருடம் அதே கடிதத்தைக் காட்டிச் சேர முடியாது. மறுபடி பரீட்சை எழுத வேண்டும். அவள் 2002இல் எழுதினாள். இடையில் பாடத்திட்டம் மாறி, நான்கு பாடம் மூன்று பாடமாகியிருந்தது. பகல் முழுக்கக் கடை, இரவில் படிப்பு. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டாள்.

இந்த உரைக்கு முன் அவளிடம் அனுமதி கேட்டோம். "பேரைச் சொல்லாதேங்கோ, கதையைச் சொல்லுங்கோ" என்றாள். பிறகு சொன்னாள்: "அண்டைக்கு எங்களுக்குக் குறைஞ்ச காசைப் பிறகு கணக்குப் பார்த்தனான். நாலு மாசச் சாப்பாட்டுக் காசும் கப்பல் காசும். நாலு வருசத்துக்கும் காசில்லை எண்டு அம்மா அழுதவ. நாங்கள் நாலு வருசத்தை ஒண்டாக் கூட்டிப் பார்த்துப் பயந்திட்டம்."

இந்த நாலு மாதம்தான் விடயம். இருபது வருடங்களுக்கு மேலாக மாணவர்களைக் கிளினிக்கிலும், பிறகு வகுப்பறையிலும் பார்த்து வருகிறோம். பல்கலைக்கழகத்துக்குள் போய்ச் சேர்ந்த பிள்ளை எப்படியோ ஒரு வழி பிடித்துக்கொள்கிறாள். மகாபொல வரும், அல்லது நிதியுதவிப் புலமைப்பரிசில் வரும். விடுதியில் இடம் கிடைக்கும். மூத்த மாணவர்களின் குறிப்புகளும் புத்தகங்களும் கைமாறும். முதலாம் வருடத்தில் எங்களுக்குப் பெரிய செலவாகப் பயந்தது எலும்புப் பெட்டி. அது ஓர் அக்காவிடமிருந்து பாதி விலைக்கு வந்தது. வருட முடிவில் நாங்களும் அதே விலைக்கு இன்னொருத்திக்குக் கொடுத்தோம். ஆக, வாங்கியதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் மகாபொலவின் முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அறை முற்பணம், பாய், தலையணை, உடுப்பு, பஸ், சாப்பாடு எல்லாம் அந்தச் சில மாதங்களுக்குள்தான் வந்து குவியும்.

மகாபொல கிடைத்தால் எல்லாம் சரியென்றும் சொல்ல மாட்டோம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. ஒரு சோற்றுப் பார்சல் 300 ரூபா என்று குறைத்தே வைத்தாலும், இரண்டு நேரத்துக்கு மாதம் 18,000. மீதி எங்கிருந்து வரும் என்பதை வீட்டில் இருந்து பேசுங்கள். பேசாமல் போகும் பிள்ளைகளை நாங்கள் பிறகு வேறு விதமாகச் சந்திக்கிறோம். விரிவுரையில் மயங்கி விழுந்தாள் என்று கூட்டி வருவார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் "பசிக்கேல்லை டொக்டர்" என்பாள். இரத்தத்தைப் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். இரும்புக் குளிசை எழுதிக் கொடுக்கிறோம். அந்தக் குளிசை சோறாகாது என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆகவே "எப்படியும் போ" என்று மேடையிலிருந்து சொல்லிவிட்டு இறங்குவது எங்களுக்குச் சுலபம். அதைச் செய்ய விரும்பவில்லை. வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்து, பார்க்க வேறு ஆள் இல்லாத பிள்ளை ஒரு வருடம் நிற்கத்தான் வேண்டும் என்றால், அதைக் குற்றமென்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் அவளும் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டு நிற்கக் கூடாது. திகதி முடிய முன்னரே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், பதிலையும் எழுத்திலேயே வாங்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணா சொன்னது, ரியூசன் மாஸ்டர் சொன்னது எதுவும் பதில் ஆகாது.

காசுதான் காரணமென்றால் ஒன்றை யோசியுங்கள். உங்களை ஏற்கெனவே நிற்க வைத்துத்தான் அனுப்புகிறார்கள். 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கடிதம் வந்து, வகுப்புத் தொடங்கும்வரை மாதங்கள் ஓடிவிடுகின்றன. உழைப்பதற்கான காலம் அதுதான். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், கடையில் நிற்கலாம், தைக்கலாம். கிடைப்பதில் முதல் நாலு மாதக் காசை உங்கள் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்தில் போடுங்கள். அதை எடுத்து மாமி வீட்டுக் கலியாணத்துக்கு மொய் எழுத வேண்டாம் என்று அம்மாமாரையும் கேட்டுக்கொள்கிறோம். (சிரிக்கிறீர்கள். இது நடந்த கதை.)

கிராம சேவையாளரின் வருமான உறுதிப்படுத்தல், மகாபொல விண்ணப்பம், விடுதி விண்ணப்பம் ஆகியவற்றைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள். தூரத்துப் பல்கலைக்கழகம் என்றால் அங்கே படிக்கும் எங்கள் பாடசாலை அக்கா யாரென்று முதலில் கேளுங்கள். அறை வாடகையை அவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாள்.

இனி அக்காமாருக்கு, குறிப்பாக ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

நாங்கள் பெறுபேறு வந்ததும் மூன்று ஏ எடுத்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கிறோம். அது நல்லது, தொடரட்டும். ஆனால் அனுமதிக் கடிதம் வந்து மகாபொல வராமல் இருக்கும் அந்த இடைவெளிக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கக் கேட்கிறோம். ஒரு பிள்ளைக்கு நாலு மாதம், அவ்வளவுதான். கடனாக வேண்டாம். உழைக்கத் தொடங்கிய பிறகு விரும்பினால் அடுத்த பிள்ளைக்குத் தரட்டும். காசோலையைப் பெரிதாக அடித்து, பிள்ளையை நடுவில் நிறுத்திப் படம் பிடித்து முகநூலில் போடும் வழக்கமும் வேண்டாம். எங்கள் தோழி அன்று யாரிடமும் வாய் திறக்காததற்குக் காரணம் அந்தக் கூச்சம்தான். ஒரே வாங்கில் இருந்து, ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் சாப்பிட்ட எங்களிடமே சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. காப்பை அடைவு வைத்த காசில் மருத்துவபீடத்துக்குப் போன நாங்கள், அவளிடம் "எவ்வளவு குறையுது?" என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அம்மம்மாவின் மற்றக் காப்பும் போயிருக்கும். போனால் என்ன!

அவள் இப்போது ஒரு முன்பள்ளி நடத்துகிறாள். பிள்ளைகள் அவளைச் சுற்றித்தான் நிற்கும். தம்பி பொறியியலாளர். தன் மகளுக்கு இந்த வருடம் கடிதம் வந்தபோது, அவள் முதலில் பார்த்தது பதிவு முடியும் திகதியை என்று சொன்னாள். மகள் இங்கேதான், மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். எந்தப் பிள்ளை என்று திரும்பிப் பார்க்க வேண்டாம்.

தேநீருக்குப் பிறகு எங்கள் வகுப்பைச் சேர்ந்த நான்கு பேர் பழைய இரசாயன ஆய்வுகூடத்தில் இருப்போம். கடிதம் வந்தவர்களும் வரப்போகிறவர்களும் ஒவ்வொருவராக வாருங்கள். அம்மாவோடு வரலாம், தனியாகவும் வரலாம். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவோம். கடிதத்தைக் கொண்டுவாருங்கள், திகதியைச் சேர்ந்து பார்ப்போம்.