ஒரு கிலோவுக்கு என்ன விலை?

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இயந்திரவியல் துறைக் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டில் கார் வேலை பார்க்கிறாயே, அதைப் பற்றி அரை மணி நேரம் பேசு" என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். நான் இருப்பது இங்கிலாந்தில், சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்துக்குப் பக்கத்தில். அந்த வட்டாரத்தில் பந்தயக் கார்களுக்குப் பாகம் செய்கிற பட்டறைகள் நிறைய. என் வேலை கார்பன் ஃபைபர், அதாவது கரி இழை. அதிலும் காரின் உள்ளே வரும் பலகைகள்: கதவின் உள்பக்கம், நடுவில் கியரைச் சுற்றி வரும் பெட்டி, இருக்கையின் முதுகு, டிக்கியின் தளம் இப்படி. "இதில் பேச என்னப்பா இருக்கு, கதவுக்கு அட்டை ஒட்டுற வேலைதானே?" என்று என் மாமாவே கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் கரி இழை என்றால் என்ன? ஒரு இழையின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி 3,000 இழைகள் சேர்ந்தது ஒரு புரி. அந்தப் புரிகளைப் பாவும் ஊடுமாக நெய்தால் துணி. நம்ம ஊர் நெசவுக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. அந்தத் துணியை எபாக்ஸி பிசினில் நனைத்து, அச்சில் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்து, சூடேற்றி இறுக்கினால் பலகை. இழுவிசையைத் தாங்குவது இழை. இழைகளை நகரவிடாமல் பிடித்துக்கொள்வது பிசின். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் பலகை சரியில்லை.

பந்தய உலகில் இது பெரிதாகப் பேசப்பட்டது 1981-ல். ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1 காருக்கு உடற்கூட்டையே கரி இழையில் செய்தார்கள். இடித்தால் தூளாகிவிடும் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அதே வருடம் இத்தாலியில் மோன்சா தடத்தில் ஜான் வாட்சன் பயங்கரமாக மோதினார். இஞ்சின் தனியே பிய்த்துக்கொண்டு போனது. மனிதர் இறங்கி நடந்து வந்தார். அதன் பிறகு சந்தேகம் குறைந்தது. 1992-ல் கார்டன் மரே வடிவமைத்த மெக்லாரன் எஃப்1, சாலையில் ஓடும் காருக்கும் அதே வகை உடற்கூட்டைக் கொண்டு வந்தது.

காரின் உள்ளே எடை குறைக்கும் பழக்கம் அதற்கும் முந்தியது. 1972-ல் வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் காரின் இலேசான வகையில், கதவு திறக்க ஒரு வார் மட்டும் வைத்தார்கள். 1987-ல் வந்த ஃபெராரி எஃப்40 காரில் கம்பளம் கிடையாது. கதவைத் திறக்க ஒரு கம்பிக் கயிற்றை இழுக்க வேண்டும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர்கள் கயிற்றை இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். தம்பிகள் காகிதம் பேனா எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கதவின் உள்பலகை பரப்பளவு 0.6 சதுர மீட்டர் என்று வையுங்கள். கம்பெனி தருகிற ஏபிஎஸ் பிளாஸ்டிக் பலகை 2.5 மி.மீ. கனம். கன அளவு ஒன்றரை லிட்டர். ஏபிஎஸ்ஸின் அடர்த்தி தண்ணீரை விடக் கொஞ்சம்தான் அதிகம், 1.05. ஆக எடை 1.6 கிலோ. அதே பலகையைக் கரி இழையில், ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் துணியில் நாலு அடுக்கு போட்டால் கனம் 1 மி.மீ. அளவுக்கு வரும். கன அளவு 0.6 லிட்டர், அடர்த்தி 1.5. எடை 0.9 கிலோ.

கவனித்தீர்களா? கரி இழைப் பலகையின் அடர்த்தி பிளாஸ்டிக்கை விட அதிகம்! "கார்பன் என்றாலே இலேசு" என்று நினைக்கிறோம். இரும்போடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு, அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பாதிக்குச் சற்று மேல், அது உண்மை. பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் அது இலேசு அல்ல, விறைப்பு. விறைப்பாக இருப்பதால் மெல்லிசாகச் செய்ய முடிகிறது. மெல்லிசாகச் செய்வதால் எடை குறைகிறது. இந்த வரிசையை மறந்தவர்கள் பழைய பிளாஸ்டிக் மேலேயே ஒரு அடுக்குக் கரி இழையை ஒட்டி, பளபளவென்று வார்னிஷ் அடித்து, காரை இன்னும் கனமாக்கிவிட்டுப் பெருமைப்படுகிறார்கள்.

சரி, ஒரு கதவுக்கு மிச்சம் 0.7 கிலோ. இரண்டு கதவுக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ கூட இல்லை. கார் 1,500 கிலோ. ஆயிரத்தில் ஒரு பங்கு! அப்படியென்றால் பந்தயக் காரில் கிலோக் கணக்கில் குறைவது எங்கிருந்து? பலகையோடு சேர்ந்து போகிறவற்றில் இருந்து: கை வைக்கும் திண்டு, ஒலிபெருக்கி, கண்ணாடி ஏற்றும் மோட்டார், இரைச்சலைத் தடுக்க ஒட்டிய தார் அட்டை, பின் இருக்கை. பலகை மாற்றுவது ஒரு சாக்கு; உண்மையில் நடப்பது வீடு காலி செய்வது.

இதை ஒழுங்காகச் செய்த உதாரணம் 2003-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல். சாதாரண எம்3-ஐ விட 110 கிலோ குறைவு. மொத்தம் 1,385 கிலோ. கூரை கரி இழை, கதவுப் பலகையும் நடுப்பெட்டியும் கரி இழை. டிக்கித் தளமோ நடுவில் காகிதத் தேன்கூடு வைத்த பலகை. ஆமாம், காகிதம்தான்! எந்த இடத்தில் எவ்வளவு பலம் போதும் என்று தெரிந்தவன் காகிதத்தையும் போடுவான். கூரையில் குறைந்தது சில கிலோதான். ஆனால் உச்சியில் குறைந்ததால் ஈர்ப்பு மையம் கீழே இறங்கியது. எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் கணக்கு.

இப்போது வேலையைச் சொல்கிறேன். கதவுப் பலகையைக் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும், ஏர்பேக்கின் மின்சாரம் அடங்கும் வரை. பிறகு மறைந்திருக்கும் ஸ்க்ரூக்கள், அப்புறம் ஓரக் கிளிப்புகள், கடைசியில் பலகையை மேல்நோக்கித் தூக்கினால் வரும். பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காதீர்கள். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள துளை வழியே வெளியே போவதற்கு ஏற்பாடு அது. கிழித்தால் தண்ணீர் உங்கள் காலடிக்கு வரும்.

பழைய பலகையை மாதிரியாக வைத்து மெழுகு தடவி, கண்ணாடி இழையில் அச்சு எடுக்கிறோம். அச்சில் துணி அடுக்கி, பை போட்டு மூடி, காற்றை உறிஞ்சினால் வளிமண்டலமே சதுர மீட்டருக்குப் பத்து டன் கணக்கில் அழுத்தித் தருகிறது. சம்பளம் கேட்காத தொழிலாளி! உயர்ந்த வேலைக்கு ஆட்டோகிளேவ் உண்டு. ராட்சச பிரஷர் குக்கர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பலரும் தவறவிடும் படி. சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி, வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகும். கண்ணாடி ஏற்றிய கார் உச்சி வெயிலில் நின்றால் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆகவே பலகையை அடுப்பில் வைத்துப் படிப்படியாகச் சூடேற்றி மறுபடி பதப்படுத்த வேண்டும். இல்லையென்றால் ஒரே கோடையில் அப்பளம் மாதிரி நெளியும்.

இன்னொன்று, கரி மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத்தோடு நேரே தொட்டு, நடுவில் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. அலுமினியம் அரித்துப் போகும். நடுவில் ஒரு அடுக்குக் கண்ணாடி இழை வைத்தால் போதும். ஸ்விட்சுக் கம்பிகள் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம்.

அறுக்கும்போது வரும் தூசியை அலட்சியப்படுத்தாதீர்கள். முகமூடி, தண்ணீர் விட்டுத் தேய்ப்பது, உறிஞ்சும் குழாய் மூன்றும் வேண்டும். எபாக்ஸி கையில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்கப் போகாது. நல்ல கைத்திறன் உள்ளவர்கள் அதனால் தொழிலையே விட்டிருக்கிறார்கள். கையுறை போடுவது கோழைத்தனம் இல்லை, தம்பி.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயம்.

ஒரு முறை ஒருவர் தம் எம்3 காரைக் கொண்டு வந்தார். சிஎஸ்எல் இல்லை, அதற்கு முந்தைய சாதாரண வகை. "கதவு இரண்டுக்கும் கரி இழை போடுங்கள். வார இறுதியில் பந்தயத் தடத்துக்குப் போவேன்" என்றார். "மற்ற நாட்களில்?" என்று கேட்டேன். "மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன்" என்றார்.

அந்த வகைக் காரின் முன்கதவுகளில், பலகைக்குப் பின்னால் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. கம்பெனிப் பலகை, ஏர்பேக் வெடிக்கும்போது குறித்த இடத்தில் திறந்து வழிவிடும்படி செய்யப்பட்டது. நான் செய்யும் விறைப்பான பலகை அங்கே திறக்காது. பை வெளியே வராது. அல்லது பலகையை உடைத்துக்கொண்டு வரும். கரி இழை உடைந்தால் பிளாஸ்டிக் மாதிரி மழுங்கலாக உடையாது, ஊசி ஊசியாக உடையும். அது பாயும் இடத்தில் ஒரு குழந்தையின் முகம் இருக்கும்.

அது மட்டுமில்லை. பல கார்களில் கதவுக்குள், இடுப்பு உயரத்தில் ஒரு நுரைக் கட்டி இருக்கும். இடியைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்ளும். சில கார்களில் கதவுக்குள் இருக்கும் காற்றழுத்தம் திடீரென்று ஏறுவதைப் பார்த்துத்தான் உணர்கருவி ஏர்பேக்கை ஏவுகிறது. கதவில் புதிதாக ஓட்டை போட்டால் அந்தக் கணக்கே கெடலாம். "பந்தயக் காரில் இதெல்லாம் இல்லையே?" என்றார். அங்கே இரும்புக் குழாய்க் கூண்டு, ஆறு முனை பெல்ட், தலைக்கவசம், பக்கத்தில் தடித்த நுரை எல்லாம் இருக்கிறது சார் என்றேன். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்திருக்கிறார்கள். நீங்கள் எடுக்க மட்டும் சொல்கிறீர்கள்.

அவருக்குக் கோபம். "பணம் நான் கொடுக்கிறேன், கார் என்னுடையது" என்றார். எங்கள் பட்டறைக்கும் அந்த மாதம் வேலை குறைவு. கதவு இரண்டும் நல்ல கூலி. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தராசை எடுத்து வைத்து, மேலே சொன்ன அதே கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஒன்றரைக் கிலோ. "உங்கள் டாங்கியில் இரண்டு லிட்டர் பெட்ரோல் குறைவாக ஊற்றினால் இந்த எடை குறைந்துவிடும். அதற்காக ஏர்பேக்கைத் தருகிறீர்களா?" என்றேன். முதலாளியும், "இவன் சொல்வதுதான் எங்கள் பதில்" என்றார்.

மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேறு எதைச் செய்யலாம்?" என்றார். கதவுகளை அப்படியே விட்டோம். நடுப்பெட்டி, டிக்கித் தளம், டிக்கிப் பக்கப் பலகைகள் இவற்றை மாற்றினோம். ஒவ்வொன்றையும் கழற்றும்போதும் பூட்டும்போதும் எடை போட்டு ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தோம். பில் அவர் கொண்டு வந்த பணத்தில் பாதிதான் ஆனது. கைகுலுக்கும்போது அவர் சிரிக்கவில்லை. ஆனால் அட்டையைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் கோவை கரி தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கார் கட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். எடை குறைக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது எத்தனை கிராம்? காரில் எந்த இடத்தில்? இதை எடுத்தால் அது செய்துகொண்டிருந்த வேலையை இனி யார் செய்வது? முதல் கேள்விக்குத் தராசு பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பாடப் புத்தகம் பதில் சொல்லும். மூன்றாவதற்கு இஞ்சினியர்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் கல்லூரிப் பட்டறையில் லேத் இருக்கிறது, வெல்டிங் இருக்கிறது. இழை வேலைக்கு ஒரு மூலை இல்லை. ஒரு வாக்குவம் பம்ப், ஒரு சிறிய அடுப்பு, தூசி உறிஞ்சும் கருவி, நல்ல முகமூடிகள் இவ்வளவுதான் தேவை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் அடுத்த சந்திப்புக்குள் முடித்துவிடலாம். என் பங்காகக் கிராம் வரை காட்டும் தராசு ஒன்றை இன்று காலை துறைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். மற்றது உங்கள் கையில்.