பாவித்த சிறு விமானம் வாங்குதல்: எங்கள் குடும்பம் படித்த பாடம்

(சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



எனக்குத் தரப்பட்ட தலைப்பைக் கேட்டுப் பலர் சிரித்திருப்பீர்கள். "வீட்டுக் கடனே கட்டி முடியேல்லை, இவர் பிளேன் வாங்கக் கதைக்கிறார்" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. நானும் பணக்காரன் அல்லன். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவன். ஆனாலும் 2012 ஆம் ஆண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய விமானம் வாங்கினோம். அதற்கு முந்திய வருஷம் ஏமாந்தும் போனோம். அந்த இரண்டு கதையையும் ஒளிக்காமல் சொல்லுவதற்குத்தான் வந்திருக்கிறேன். விமானம் வாங்காதவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என நம்புகிறேன்.

எங்களுக்கு ஏன் இந்த விமான ஆசை? ஊரில் விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் மேலே பார்த்து ரசித்தவர்கள் அல்லர். 1990 இல் யாழ்ப்பாணத்தில் பொம்பர் இரைச்சல் கேட்டால் சமைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு பங்கருக்குள் ஓடியவர்கள். 1992 இல் ரொறன்ரோவுக்கு வந்த பிறகும், வீட்டுக்கு மேலால் விமானம் தாழப் பறந்தால் என் மனைவி கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பா. அதே வீட்டில், இங்கே பிறந்த எங்கள் மகன் யன்னலில் ஏறி நின்று கை காட்டுவான். ஒரே சத்தம். தாய்க்குப் பயம், பிள்ளைக்குக் கொண்டாட்டம்.

அவன் வளர்ந்து விமானி ஆகப் போகிறேன் என்றான். கனடாவில் தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணித்தியாலப் பயிற்சி வேண்டும். உழைப்புக்கான வர்த்தக உரிமம் என்றால் மொத்தம் 200 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். முதல் உரிமத்தை எடுத்த பிறகு மிச்ச மணித்தியாலங்களை வாடகை விமானத்தில் பறந்து முடிக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தபோது தலை சுற்றியது. அதே நிலையில் பிள்ளைகள் இருந்த இன்னும் இரண்டு குடும்பங்கள் இருந்தன. "வாடகை குடுக்கிற காசுக்கு ஒண்டை வாங்கிப் பிறகு விக்கலாமே" என்ற யோசனை அப்படித்தான் வந்தது.

நாங்கள் தேடியது செஸ்னா 172. இது 1955 இல் முதன்முதல் பறந்தது. நாற்பத்து நாலாயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். 1986 இல் நிறுத்தி 1996 இல் மறுபடி தொடங்கினார்கள். ஆனபடியால் தனியாரிடம் விலைக்கு வருகிறவற்றில் பல எழுபதாம் ஆண்டுகளில் செய்தவை. பயப்பட வேண்டாம். விமானத்தின் வயது காரின் வயது மாதிரி அல்ல. ஒழுங்காகப் பராமரித்தால் ஐம்பது வருஷம் கழித்தும் பறக்கும். பராமரிக்காவிட்டால் பத்து வருஷத்திலேயே பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

இனி நாங்கள் ஏமாந்த கதை. 2011 இல் ஒரு விளம்பரம் பார்த்துப் போனோம். புதுப் பூச்சு, பளபளக்கிற விமானம். விற்றவர் நல்ல மனுசர் மாதிரி. கோப்பி தந்து உபசரித்தார். "நாளைக்கு இன்னொருவர் வருகிறார், வேண்டுமென்றால் இன்றைக்கே அச்சாரம் தாருங்கள்" என்றார். நான் சட்டைப்பையில் இருந்த 2,000 டொலரை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் மூவரின் சீட்டுக் காசு அது. ஒரு சின்ன ரசீது தந்தார். அதில் தொகையும் கையெழுத்தும் மட்டும்தான் இருந்தன.

அடுத்த கிழமை, உரிமம் பெற்ற ஒரு விமானப் பராமரிப்புப் பொறியியலாளரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் விமானத்தைத் தொடவே இல்லை. முதலில் பதிவேடுகளைக் கேட்டார். கனடாவில் விமானத்துக்குப் பயணப் பதிவேடு ஒன்றும், உடல், எஞ்சின், புரொப்பெல்லர் என்று தனித்தனித் தொழில்நுட்பப் பதிவேடுகளும் உண்டு. அவர் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துத் திகதிகளை ஒப்பிட்டார். ஒரு மாதத்தில் முன்சில்லுக் கால் திருத்தப்பட்டிருக்கிறது. அதே மாதம் வேறு புரொப்பெல்லர் பூட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் பதிவேட்டில் அந்த மாதம் ஒன்றுமே இல்லை.

அதன் பொருள் என்ன? விமானம் மூக்குக் குத்தி இறங்கி, சுழன்றுகொண்டிருந்த புரொப்பெல்லர் நிலத்தில் அடித்திருக்கிறது. அப்படி அடித்தால் எஞ்சினைத் திறந்து, உள்ளே உள்ள முதன்மைத் தண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பார்த்ததற்குப் பதிவு இல்லை. பிறகு எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டை ரோச் அடித்துப் பார்த்தார். புதுப் பூச்சுக்குக் கீழே தகடு சுருங்கியிருந்தது. அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "உங்கள் பிள்ளையை இதில் ஏற்றாதீர்கள்."

அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டோம். "நீங்கள்தானே வேண்டாம் என்கிறீர்கள்" என்று சொல்லி மறுத்துவிட்டார். பரிசோதனையில் குறை கண்டால் பணம் திருப்பித் தரப்படும் என்று ரசீதில் ஒரு வசனம் இருந்திருந்தால் போதும். இல்லை. காசு போனது போனதுதான்.

இரண்டு கிழமை நான் வீட்டில் சொல்லவில்லை. வெட்கம். ஒருநாள் இரவு சொன்னேன். மனைவி கோபிப்பா என்று நினைத்தேன். அவ சொன்னா: "காசை உழைக்கலாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடை போச்சு எண்டு நினையுங்கோ. ஆனா இனி என்னட்டைச் சொல்லாமல் ஒரு சதமும் குடுக்கப்படாது." அன்று முதல் எல்லாக் கடதாசியையும் அவதான் முதலில் வாசிப்பா.

அடுத்த வருஷம் பீற்றர்பரோப் பக்கத்தில் ஒரு வயோதிபர் தம்முடைய 1974 ஆம் ஆண்டு 172 ஐ விற்க இருந்தார். மருத்துவப் பரிசோதனையில் தேறாததால் அவரால் இனிப் பறக்க முடியாது. பூச்சு மங்கல். இருக்கைத் துணி கிழிசல். ஆனால் ஒரு பிஸ்கற் பெட்டி நிறையப் பதிவேடுகளும் பற்றுச்சீட்டுகளும் வைத்திருந்தார். நாங்கள் கேட்க முன்னமே குறைகளைத் தானே வரிசையாகச் சொன்னார். இந்த முறை அச்சாரம் கொடுக்க முதல் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதினோம். பரிசோதனைச் செலவு எங்களுடையது, பெரிய குறை கண்டால் அச்சாரம் திரும்பும். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நேர்மையானவர் கடதாசிக்குப் பயப்படமாட்டார்.

பரிசோதகரை நீங்கள்தான் தெரிய வேண்டும். விற்பவரின் விமானத்தை வழமையாகப் பார்ப்பவர் கூடாது. எங்களுடையவர் என்ன பார்த்தார் என்று சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 இறாத்தல் அழுத்தத்தில் காற்றுச் செலுத்தி, எவ்வளவு நிற்கிறது என்று அளந்தார். மூன்று சிலிண்டர்களில் எழுபதுக்கு மேல் நின்றது. நாலாவதில் 62. காதை வைத்துக் கேட்கச் சொன்னார். புகைக்குழாயால் உஸ் என்று வந்தது. அப்படியென்றால் வெளியேற்று வால்வில் கசிவு. ஒயில் ஊற்றுகிற வாயால் வந்தால் பிஸ்ரன் வளையத்தில் பிழை. ஒயில் வடியை வெட்டி விரித்து உலோகத் தூள் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

இந்த விமானத்தின் லைக்கோமிங் எஞ்சினை 2,000 மணித்தியாலத்தில் முழுதாகப் பிரித்துப் புதுக்க வேண்டும் என்பது செய்தவர்களின் ஆலோசனை. ஆனால் மணித்தியாலம் குறைவு என்று மட்டும் மகிழக் கூடாது. இறைக்காத கிணறு பாசி பிடிக்கிற மாதிரி, ஓடாத எஞ்சின் உள்ளே கறள் கட்டும். இந்த எஞ்சினில் வால்வுகளை இயக்குகிற தண்டு மேற்பக்கம் இருப்பதால், நிற்பாட்டி வைத்தால் ஒயில் வடிந்து அது காய்ந்து போகும். பத்து வருஷத்தில் நூறு மணித்தியாலம் ஓடினதிலும் பார்க்க, வருஷம் நூறு மணித்தியாலம் ஓடினது நல்லது.

உடலில் அலுமினியம் வெள்ளைத் தூளாய்ப் பூக்கிறதா என்று பார்த்தார். எலிக் கூடு தேடினார். எலியின் சிறுநீர் அலுமினியத்தை அரிக்கும். இருக்கை ஓடுகிற தண்டவாளத்தை விசேடமாகப் பார்த்தார். பழைய செஸ்னாக்களில் அது தேய்ந்து, எழும்புகிற நேரம் விமானியின் இருக்கை பின்னுக்கு வழுக்கிப் போய், உயிர்ச் சேதங்கள் நடந்திருக்கின்றன. அதனால் அதைப் பரிசோதிக்கக் கட்டாயக் கட்டளையே உண்டு. இப்படியான கட்டளைகள் எல்லாம் நிறைவேற்றப்பட்டதா என்று ஒரு பட்டியல் கேளுங்கள். விபத்து நடந்தால் இடத்தை அறிவிக்கும் கருவி பழையதாய் இருந்தது. 2009 பெப்ரவரியில் இருந்து செய்மதிகள் 406 மெகாஹேட்ஸ் கருவிகளைத்தான் கேட்கின்றன. எனவே புதியது போட வேண்டும் என்றார். இதற்கும் வால்வு வேலைக்கும் சேர்த்து விலையைக் குறைத்தோம். முதியவர் மறுபேச்சுப் பேசவில்லை.

அடுத்தது கடதாசி. இதிலே எங்கள் ஆக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கனடாவில் விமானத்தைத் தன் பெயரில் பதிய, குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இருக்க வேண்டும். அகதிக் கோரிக்கை முடிவாகாத ஒருவர் காசு போடலாம், பெயரில் பதிய முடியாது. எங்களில் ஒருவரின் மைத்துனர் அப்படி இருந்தார். அவருடைய பங்கு என்ன என்பதைத் தனி ஒப்பந்தத்தில் எழுதி வைத்தோம்.

போக்குவரத்து அமைச்சின் பதிவுப் புத்தகத்தில் ஒருவரின் பெயர் இருப்பது அவர்தான் சொந்தக்காரர் என்பதற்கு அத்தாட்சி அல்ல. அவர் விமானத்தை ஈடு வைத்துக் கடன் எடுத்திருக்கலாம். ஒன்ராறியோவில் ஈட்டுப் பதிவுகளை விற்பவரின் முழுப்பெயரைக் கொடுத்துத் தேடலாம். செலவு மிகச் சொற்பம். தேடாமல் வாங்கினால் கடன் உங்கள் விமானத்தோடு வரும். விற்பனைப் பத்திரத்தில் வாலில் உள்ள பதிவு எழுத்துகளோடு, உடலின் தொடர் இலக்கத்தையும் எழுதுங்கள். எழுத்துகள் மாறலாம், தொடர் இலக்கம் மாறாது. தனியாரிடம் வாங்கினாலும் ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரி உண்டு. அதை மறந்து கணக்குப் போட்டவர்கள் கடைசியில் திகைத்துப் போகிறார்கள். காப்புறுதி விலையையும் வாங்க முதலே கேளுங்கள்.

வாங்கிற விலை வாசல்படி மட்டும்தான். தரிப்பிட வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை எல்லாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். பறந்தால் மணித்தியாலத்துக்கு முப்பது லீற்றர் அளவில் பெற்றோல். எஞ்சின் புதுக்க 30,000 டொலர் என்று வைத்தால், 2,000 மணித்தியாலத்துக்குப் பிரித்து, பறக்கிற ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 15 டொலர் ஒதுக்க வேண்டும். நாங்கள் உண்டியலில் போடுகிற மாதிரிப் போட்டோம்.

மூன்று குடும்பமும் எழுத்தில் ஒப்பந்தம் செய்தோம். "நாங்கள் சகோதரம் மாதிரி, எழுத்து எதுக்கு?" என்று ஒருவர் மனவருத்தப்பட்டார். இரண்டு வருஷம் கழித்து அவரே அல்பேர்ட்டாவுக்கு வேலை மாறிப் போனார். அவருடைய பங்கை என்ன விலைக்கு வாங்குவது என்று ஒப்பந்தத்தில் இருந்தபடியால் ஒரு வார்த்தை தடிக்காமல் பிரிந்தோம். இன்றைக்கும் கலியாண வீட்டில் ஒரே மேசையில்தான் இருக்கிறோம்.

விமானத்தை பட்டன்வில் நிலையத்தில் நிறுத்தினோம். முதல் நாள் மகன் எஞ்சினை இயக்கினபோது என் மனைவி வேலிக்கு வெளியே நின்று என் கையை இறுக்கிப் பிடித்தா. நகம் பதிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருஷம் அவ ஏறவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானாகவே, "இண்டைக்கு நானும் வரட்டே?" என்று கேட்டா. ஸ்கூகொக் ஏரிக்கு மேலால் பறந்தோம். கீழே வயல்களும் வீடுகளும். நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவ, "மேலை இருந்து பாத்தால் எல்லா வீடும் இவ்வளவு வடிவாய்த் தெரியுதே. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்தானே?" என்றா. எனக்கும் மகனுக்கும் பதில் இல்லை. இறங்கும்வரை அவன் மிக மெதுவாகவே விமானத்தை ஓட்டினான்.

மகன் தன் 200 மணித்தியாலத்தை அதில்தான் முடித்தான். இன்றைக்கு வடக்கு ஒன்ராறியோவில் சிறு விமானங்களில் நோயாளரையும் மருந்துகளையும் ஏற்றிப் பறக்கிறான். மற்றப் பிள்ளைகளும் முடித்த பிறகு, பட்டன்வில் நிலையம் 2023 நவம்பரில் மூடப்பட முன்னமே விமானத்தை விற்றோம். வாங்க வந்த இளைஞனுக்குக் குறைகளை நாங்களே முதலில் சொன்னோம். அந்தப் பிஸ்கற் பெட்டியையும் கொடுத்தோம்.

அன்பானவர்களே, விமானமோ, வீடோ, கடையோ, எதை வாங்கினாலும் அவசரப்படுத்துகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். பூச்சைப் பார்க்க முதல் பதிவைப் பாருங்கள். உறவுக்குள்ளும் எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒளிக்காதீர்கள்.