என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கும் மருத்துவர்



செங்கோட்டையிலிருந்து ஆலங்குளம் வரை எத்தனையோ தெருக்களில், மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கிறோம். நனைத்த இலையை அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டிப் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்தத் தூள் நாள் முழுக்க விரலிலும் மூச்சிலும் கலந்திருக்கிறது. புகையிலையின் நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். இருமல், தலைசுற்றல், கழுத்துவலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தால் மருந்து கிடைக்கிறது. என்ன வேலை பார்க்கிறார் என்பது மட்டும் பெரும்பாலும் சீட்டில் ஏறுவதில்லை. அந்தக் கேள்வியை நோயாளியிடம் கேட்டே ஆகவேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700-இலேயே எழுதிவைத்தார். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கல்குவாரித் தொழிலாளியே சாட்சி. நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்து வரும் சிலிக்கோசிஸ், எக்ஸ்ரேயில் காசநோய்போலத் தோன்றலாம். காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினாலும் தூசியால் ஏற்பட்ட தழும்பு ஆறாது. தொழிலாளியும் அதே தூசிக்குத்தான் திரும்பிப் போவார். தூசி படிந்த நுரையீரலைக் காசநோயும் எளிதில் பற்றும் என்பதால், இரண்டையும் பிரித்தறியத் தனிப் பயிற்சி வேண்டும். பொது மருத்துவர் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்.

"தொழில்நோய் மருத்துவத்தைப் படித்தால் வேலை எங்கே?" என்று மருத்துவ மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1984-இல் போபால் விஷவாயு ஊரையே சாய்த்த பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான ஆலைகளில் மருத்துவக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கான மூன்று மாதப் பயிற்சி சென்னையிலேயே நடக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது. திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணும் வயலில் பூச்சிமருந்து அடிப்பவரும் வெளியேதான் நின்றார்கள். மருத்துவர்கள் இந்தத் துறைக்கு வராததற்கு அவர்களுடைய அக்கறையின்மை காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆலைக்கு வெளியே அவர்களுக்கு நாம் நாற்காலி போடவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் தொழில்நோய்ப் பிரிவும், உரிய சம்பளத்தோடு நிரந்தரப் பணியிடமும் வேண்டும். பீடித் தொழிலாளர்களுக்கென்றே முக்கூடலில் மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. பயிற்சி மருத்துவர்களைச் சில வாரங்களாவது அங்கும் குவாரிகளுக்கும் அனுப்பினால், பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயமாகப் படித்ததை நேரில் பார்ப்பார்கள். பார்த்தவர்களில் சிலர் நிச்சயம் இதையே தேர்ந்தெடுப்பார்கள்.

செலவு என்று அரசு தயங்கலாம். சிலிக்கோசிஸைக் குணமாக்க மருந்து கிடையாது. அது முற்றினால் குடும்பத்தில் சம்பாதிப்பவர் மூச்சுக்குத் தவித்துப் படுக்கிறார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சிலிக்கோசிஸைத் தொழில்நோயாகவே ஏற்கிறது. ஆனால் நோயின் பெயரை எழுதிக் கையெழுத்திட மருத்துவர் இல்லாவிட்டால் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். இதுவும் செலவுதான், ஏழையின் கணக்கில் எழுதப்படும் செலவு.

மாணவர்களே, மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தத் துறையையும் எண்ணிப் பாருங்கள். தாய்மார்களே, அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் பார்க்கும் வேலையைச் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.