மலாக்காவில் ஒரு நாள்



விடுமுறை நாளில் பேருந்து அமர்த்தி, குடும்பத்தோடு மலாக்காவுக்குச் சுற்றுலா செல்வது நம் வழக்கம். படம் எடுத்து, பொருள் வாங்கித் திரும்பினால், செலவிட்ட பணத்துக்குப் பாதிப் பயனே கிட்டும். மறுபாதியை வழிகாட்டியிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

ஆற்றருகே டச்சுக்காரர் எழுப்பிய செந்நிற மாளிகையையும், 1511இல் போர்த்துகீசியர் தொடங்கிய கோட்டையின் எஞ்சிய வாயிலையும் எவரும் காட்டுவர். ஆற்றைக் கடந்து துக்காங் எமாஸ் சாலைக்கும் அழைத்துச் செல்லுமாறு நாம் கேட்போம். அங்கே மலாக்காச் செட்டிகள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் உள்ளது. அருகிலேயே இந்திய முஸ்லிம் வணிகர் 1748இல் அமைத்த கம்போங் கெலிங் பள்ளிவாசல். அதனை அடுத்துச் சீனரின் செங் ஹூன் தெங் ஆலயம். மூன்றையும் நடந்தே காணலாம்.

மற்றொன்றும் கேட்போம். மலாக்காச் சீனரான டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். இந்நாட்டின் ரப்பர்த் தோட்டங்களுக்கு முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. நாம் விடியலில் சீவும் பால்மரத்திற்கும் அந்நகர வரலாற்றில் இடமுண்டு!

2008இல் யுனெஸ்கோ மலாக்காவை உலக மரபுடைமையாக அறிவித்தது. அம்மரபில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டாமா? வரலாறு பிறருடைய கதை என்று எண்ணி அவர்கள் வளரலாகாது.

ஆகவே, முன்பணம் செலுத்துமுன் இவ்விடங்களைப் பயணத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வழிகாட்டியிடம் ஒரு கேள்வியேனும் கேட்டு வரட்டும்.